கொக்கி, பஃபர், ஒரு குலுக்கல்

டெக்ஸாஸில் இருக்கும் என் சித்தி மகன் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டான். அவனுக்கு சனிக்கிழமை ராத்திரி. புதுசாக ஒரு சின்ன கேம்பர் டிரெய்லர் வாங்கியிருக்கிறானாம். பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போய், ஏரிக்கரையில் நிறுத்தி, உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கலாம். நம் ஊரில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போவார்களே, கிட்டத்தட்ட அதுதான். மாட்டுக்குப் பதில் ஐந்தரை லிட்டர் எஞ்சின்.

"எல்லாம் நல்லா இருக்குண்ணே. ஆனா பிரேக் போட்டா ஒரு 'டங்'. திரும்ப ஆக்ஸிலேட்டர் குடுத்தா இன்னொரு 'டங்'. சிக்னலுக்கு சிக்னல் யாரோ பின்னாடி சுத்தியல வச்சு அடிக்கிற மாதிரி இருக்கு. பிள்ளைங்க தூங்க மாட்டேங்குது."

நான் வங்கிக்காரன். பி.காம். படித்தவன். எனக்கும் டிரெய்லருக்கும் உள்ள ஒரே தொடர்பு, டிராக்டர் டிரெய்லர் கடனுக்கு ஹைப்பாதிகேஷன் போட்டதுதான். ஆனாலும் அந்த 'டங்' என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. "டேய், அம்மாவோட கையை ஒடைச்சது அதேதான்டா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

அவன் வண்டி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இழுக்கும் வண்டியின் பின்னால் சதுரமான ஒரு இரும்புக் குழாய் இருக்கும். உள் அளவு 2 அங்குலம். அதற்குள் இன்னொரு சதுர இரும்பைச் செருகி, குறுக்கே ஒரு பின் போடுகிறார்கள். அதன் நுனியில் ஒரு குண்டு. குண்டின் மேல் டிரெய்லரின் கிண்ணம் உட்காரும். செருகும் இரும்பு குழாயைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால்தான் உள்ளே போகும். பின் போகிற ஓட்டையும் பின்னைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தாக வேண்டும். அந்தக் 'கொஞ்சம்'தான் சத்தம். பிரேக் போட்டால் டிரெய்லர் முன்னால் வந்து இடிக்கிறது, வேகம் கொடுத்தால் வண்டி அதைப் பின்னாலிருந்து வெடுக்கென்று இழுக்கிறது. அவன் கடைசியில் குழாயையும் இரும்பையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கிற யு-போல்ட் கிளாம்ப் ஒன்று வாங்கி மாட்டினான். கிண்ணத்துக்கு அடியில் இருக்கும் நட்டையும் குண்டோடு சரியாகப் பொருந்தும்படி திருகினான். முக்கால்வாசிச் சத்தம் போய்விட்டது. (2 அங்குலக் கிண்ணத்தை 1⅞ அங்குலக் குண்டின் மேல் வைத்தாலும் உட்காரும். ஆனால் பள்ளத்தில் விழுந்தால் துள்ளிக் கழன்றுவிடும். அப்படி யாராவது ஓட்டிக்கொண்டிருந்தால் சத்தத்தை விட்டுவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.)

இனி ரயிலுக்கு வருகிறேன். கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1830-இல் லிவர்பூல்-மான்செஸ்டர் ரயில்பாதை திறந்தபோது, பெட்டிகளை வெறும் சங்கிலியால்தான் கோத்திருந்தார்கள். எஞ்சின் கிளம்பினால் முதல் சங்கிலி விறைக்கும், அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வெட்டு. நின்றால் பின்பெட்டி முன்பெட்டியை முட்டும். உள்ளே இருப்பவர்களின் தொப்பி பறக்கும், பல் ஆடும்.

தொளதொளவென்று விட்டது முட்டாள்தனம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து எஞ்சினுக்கு வலு குறைவு. நிற்கிற சக்கரத்தை முதல் சுற்று சுற்றவைக்கத்தான் அதிக விசை வேண்டும். சங்கிலி தளர்வாக இருந்தால் எஞ்சின் ஒவ்வொரு பெட்டியாக நகர்த்தலாம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டியதில்லை. மொத்தக் கடனையும் ஒரே நாளில் கட்டச் சொன்னால் எவனாலும் முடியாது, தவணையில் கட்டச் சொன்னால் கட்டிவிடுவான். சரக்கு ரயிலில் இந்தத் தளர்வை வெகுகாலம் வேண்டுமென்றே விட்டு வைத்திருந்தார்கள். ஆனால் கரியும் கல்லும் குலுங்கினால் யாரும் புகார் எழுதமாட்டார்கள். மனிதர்கள் எழுதுவார்கள்.

இதைத் தீர்த்தவர் யார் என்று தேடிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லியே ஆகவேண்டும். அவர் பொறியாளர் இல்லை. பெயர் ஹென்றி பூத். தானிய வியாபாரியின் மகன். லிவர்பூல்-மான்செஸ்டர் ரயில் கம்பெனியின் செயலாளர், பொருளாளர். அதாவது கணக்குப்பிள்ளை, நம்ம ஜாதி :-) ஸ்டீபன்சனின் 'ராக்கெட்' எஞ்சினுக்குள் ஒரே பெரிய குழாய்க்குப் பதில் நிறைய சின்னக் குழாய்களைப் போடலாம் என்ற யோசனையைச் சொன்னவரும் இவர்தான். காமர்ஸ் படித்தவனுக்கு மெஷின் புரியாது என்று யாராவது சொன்னால் இனி நான் இவரைத்தான் இழுப்பேன்.

பூத் 1836-இல் காப்புரிமை வாங்கிய ஸ்க்ரூ கப்ளிங் மிக எளிமையானது. ஒரு திருகுத் தண்டு, அதன் ஒரு பாதியில் வலப்புரி, மறுபாதியில் இடப்புரி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு வளையம். நடுவில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு வளையமும் ஒன்றை ஒன்று நோக்கி வரும். பெட்டிகள் நெருங்கும், இரண்டு ஓரத்திலும் உள்ள பஃபர்கள் ஒன்றோடொன்று லேசாக அமுங்கும் வரை திருகலாம். அமுங்கிய பஃபர் எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், திருகு எப்போதும் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். நடுவில் காலியிடமே கிடையாது. காலியிடம் இல்லாவிட்டால் 'டங்' இல்லை. டெக்ஸாஸில் என் தம்பி மாட்டிய யு-போல்ட் கிளாம்ப் செய்கிற வேலையும் இதுவே.

1853 ஏப்ரல் 16-ஆம் தேதி போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 14 பெட்டிகளோடு நம் நாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தெற்கின் முதல் ரயில். ஆங்கிலேயர் கொண்டுவந்த ரயிலோடு அவர்களது பஃபரும் கொக்கியும் வந்தன. அகலப்பாதைப் பெட்டிகளில் இரண்டு ஓரத்திலும் பஃபர், நடுவில் ஸ்க்ரூ கப்ளிங் என்பதே இங்கே வழக்கமாயிற்று. நான் சின்ன வயதில் ராஜபாளையத்தில் பார்த்த மீட்டர்கேஜ் பெட்டிகள் வேறு ரகம். நடுவில் ஒற்றை பஃபர், கொக்கியும் அதிலேயே. நாங்கள் அதை 'யானை மூக்கு' என்போம். 1955 அக்டோபர் 2-ஆம் தேதி பெரம்பூரில் நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப். தொழிற்சாலை, ஸ்விட்சர்லாந்து கம்பெனியின் வடிவமைப்பில் கட்டிய இரும்புப் பெட்டிகளிலும் பூத்தின் அதே திருகுதான். ஐம்பது வருடத்துக்கும் மேல் இந்தியாவே அந்தப் பெட்டிகளில் தூங்கியபடி போய்வந்தது. தாலாட்டு மாதிரி ஆடும், ஆனால் வெட்டி இழுக்காது.

அப்புறம் ஏன் மாற்றினார்கள்?

இதற்கு ஒரு பெரியவரின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2012-இல் நான் ஜலந்தரில் வேலை பார்த்தேன். நவம்பர் மாதம் வந்தால் ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சான்றிதழ் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். ஒரு வயதான சர்தார்ஜி, ரயில்வேயில் ஷண்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இடது கையால் கையெழுத்துப் போட்டார். பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை. "வலது கையால் போடுங்கள் ஜி" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். சால்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். 1971 ஜனவரி, பனிமூட்டமாம். எஞ்சினையும் முதல் பெட்டியையும் கோக்க, இரண்டு பஃபருக்கும் நடுவே குனிந்து உள்ளே போயிருக்கிறார். அந்தக் கப்ளிங்கைத் தூக்கிக் கொக்கியில் போடவேண்டும். கனமான இரும்பு. போடும்போது எஞ்சின் ஒரு சாண் அசைந்தது. "டிரைவர் மேல தப்பு இல்லை சாப். எஞ்சின் ஒரு மூச்சு விட்டது, அவ்வளவுதான்." அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை வேறு லேசான வேலை கொடுத்திருந்தார்கள்.

பூத்தின் திருகுக்கு இருந்த விலை இது. உள்ளே இருப்பவன் குலுங்காமல் தூங்க, ஒருவன் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் போய் நின்று திருகவேண்டும். இந்தக் கணக்கு எந்த ஐந்தொகையிலும் வராது.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. அங்கே திருகுகூடக் கிடையாது. 'லிங்க் அண்ட் பின்' என்று ஒரு முறை. ஓர் இரும்பு வளையத்தைக் கையால் பிடித்து, பெட்டி வந்து இடிக்கிற நேரத்தில் எதிர்ப் பெட்டியின் வாய்க்குள் செருகிவிட்டு, கையை வெளியே எடுத்து, பின்னைப் போட வேண்டும். இதில் இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றிச் செய்தால் கை போச்சு. வேலை கேட்டு வருபவனின் விரல்களை எண்ணினாலே அவனுடைய அனுபவம் தெரிந்துவிடும் என்று அந்த ஊர் ரயில்காரர்கள் சொல்வார்களாம்.

இங்கேயும் தீர்வு கண்டவர் பொறியாளர் இல்லை. ஈலை ஜேனி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் படையில் மேஜராக இருந்து, தோற்ற பிறகு வர்ஜீனியாவில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா ஆனவர். மதிய சாப்பாட்டு நேரத்தில் பேனாக்கத்தியால் மரத்தைச் செதுக்கி மாதிரி செய்தார் என்பார்கள். உங்கள் இரண்டு கைகளின் நான்கு விரல்களையும் மடக்கி ஒன்றில் ஒன்றைக் கோத்து இழுத்துப் பாருங்கள். அந்த வடிவம்தான். இரண்டு பெட்டியும் மெதுவாக மோதினால் தானே கோத்துப் பூட்டிக்கொள்ளும். யாரும் நடுவே போக வேண்டாம். பிரிப்பதற்கு ஓரத்தில் நின்று ஒரு கம்பியை இழுத்தால் போதும். 1873 ஏப்ரல் 29-இல் காப்புரிமை எண் 1,38,405.

கண்டுபிடித்தால் போதுமா? கம்பெனிகள் செலவு கணக்குப் பார்த்தன. ஒரு கப்ளரின் விலை தெரியும். ஒரு விரலின் விலை பேரேட்டில் இல்லை. அயோவா மாநிலத்து விவசாயி லாரென்சோ காஃபின், ஒரு ரயில் தொழிலாளி தன் கண்ணெதிரே விரல்களை இழந்ததைப் பார்த்துவிட்டு, வருடக்கணக்கில் கடிதம் எழுதியும் கூட்டம் போட்டும் உயிரை எடுத்தார். ரயில் தொழிலாளி, போரில் இருக்கும் சிப்பாய்க்குச் சமமான ஆபத்தில் பிழைப்பது நாகரிகத்துக்கே இழுக்கு என்று அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் 1889-இல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் சொன்னார். கடைசியில் 1893 மார்ச் 2-இல் ரயில் பாதுகாப்புக் கருவிகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். காப்புரிமைக்கும் சட்டத்துக்கும் நடுவில் 20 வருடம். சட்டம் முழுமையாக அமலாக 1900 ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்த ஒரு வழக்குதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். சுற்றறிக்கைகளோடு மல்லுக்கட்டியே வாழ்நாளைக் கழிப்பவனாயிற்றே. 1900 ஆகஸ்டில் யூட்டா மாநிலத்தின் பிரமாண்டரி என்ற இடத்தில் (கிழக்கும் மேற்கும் ரயிலால் இணைந்து 1869-இல் தங்க ஆணி அடித்தார்களே, அதே இடம்) ஜான்சன் என்ற தொழிலாளி ஓர் எஞ்சினையும் சாப்பாட்டுப் பெட்டியையும் கோக்கப் போனார். எஞ்சினில் ஜேனி கப்ளர். பெட்டியில் மில்லர் கொக்கி. இரண்டுமே 'தானியங்கி'தான், ஆனால் தன் இனத்தோடு மட்டும்தான் தானாகக் கோக்கும். ஒன்றோடொன்று கோக்கக் கை வேண்டும். ஜான்சனின் கை நசுங்கி, மணிக்கட்டுக்கு மேலே வெட்ட வேண்டியதாயிற்று. மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? சட்டம் 'பெட்டி' என்கிறது, எஞ்சின் பெட்டி ஆகாது. இரண்டிலும் தானியங்கி கப்ளர் இருக்கிறது, ஆகவே சட்டம் மீறப்படவில்லை. ஆடிட்டில் இப்படிப்பட்ட பதில்களை எழுதித் தப்பித்திருக்கிறோம், அதனால் எனக்கு அது அதிசயமாகப் படவில்லை. 1904 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தூக்கி எறிந்தது. சட்டத்தின் நோக்கம் ஆள் நடுவே போகாமல் இருப்பது, எஞ்சினும் அதில் அடக்கம், ஒன்றோடொன்று தானாகக் கோக்காத கப்ளர் சட்டத்துக்குப் பொருந்தாது என்று தீர்ப்பு.

ஜப்பான்காரர்கள் இதை வேறு மாதிரி செய்தார்கள். வருடக்கணக்கில் தயார் செய்து, புதுக் கப்ளர்களை முன்கூட்டியே வண்டிகளில் தொங்கவிட்டு வைத்து, 1925 ஜூலை 17-ஆம் தேதி ஹொன்ஷு தீவில் சரக்கு ரயிலையெல்லாம் நிறுத்தி ஒரே நாளில் மாற்றிவிட்டார்கள். கியூஷு தீவில் மூன்று நாள் கழித்து. எங்கள் வங்கி கோர் பேங்கிங்குக்கு மாறிய நாளில் நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் அவர்கள் காலில் விழத் தோன்றுகிறது.

நம் நாட்டில் தவணை முறைதான். 1960-களில் வந்த பெரிய பாக்ஸ் வேகன்களில் நடு பஃபர் கப்ளர், சி.பி.சி. என்பார்கள், ஜேனியின் வாரிசு. பயணிகள் பெட்டியில் பழைய திருகு. இரண்டையும் இழுக்க வேண்டிய எஞ்சின்களில் இரண்டுமே. பிளாட்பார நுனியில் நின்று எஞ்சின் முகத்தைப் பாருங்கள். நடுவில் மடக்கிய விரல் மாதிரி கப்ளர், அதிலேயே தொங்கும் திருகு, இரண்டு ஓரத்திலும் பஃபர். மாமியார் வீடு, அம்மா வீடு இரண்டுக்கும் சேர்த்துப் பெட்டி கட்டியவள் போல இருக்கும்.

1990-களின் நடுவில் ஜெர்மனியின் எல்.எச்.பி. வடிவமைப்பை வாங்கினார்கள். கபுர்தலா தொழிற்சாலை அந்தப் பெட்டிகளைக் கட்ட ஆரம்பித்தது. இவற்றில் ஓர பஃபர் இல்லை, எச் வகை இறுக்கப் பூட்டுக் கப்ளர். விபத்து நேர்ந்தால் ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறாது. பழைய பெட்டிகள் ஏறும், அப்படி ஏறித்தான் நிறைய உயிர் போயிற்று. மாற்றியதற்குப் பெரிய காரணம் அது. 2018-இல் பெரம்பூரில் பழைய வகைப் பெட்டிகள் கட்டுவதையே நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் குலுக்கல் திரும்பி வந்துவிட்டது.

2013-இல் அம்மா எங்களோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பினாள். நான்தான் கூட்டிப் போனேன். புது மாதிரிப் பெட்டி போட்ட ஒரு ரயில். நடுராத்திரி ஏதோ ஸ்டேஷனில் நின்றிருந்தது, அம்மா கழிவறைக்குப் போக எழுந்தாள். அந்த நேரம் பார்த்து வண்டி கிளம்பியது. கிளம்பியது என்று சொல்வது தப்பு, பின்னாலிருந்து எவனோ உதைத்த மாதிரி ஓர் உலுக்கு. நான் கண்விழிப்பதற்குள் அம்மா தரையில் கிடந்தாள். "ஒண்ணுமில்லய்யா, ஒண்ணுமில்ல" என்றாள். விடிந்தபோது மணிக்கட்டு வீங்கி, வளையலை அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. எலும்பு முறிவு. இன்று வரை அந்தக் கையால் தேங்காய் துருவ முடியாது.

ஊர் போய் வந்ததும், எங்கள் கிளைக்கு வீட்டுக்கடனுக்காக வந்த தொழிற்சாலைக்காரர் ஒருவரிடம் (விழுப்புரத்துக்காரர், தமிழ் பேசக் கிடைத்தால் விடமாட்டார்) சண்டைக்கே போய்விட்டேன். அவர் பொறுமையாகக் காகிதத்தில் வரைந்து காட்டினார். கப்ளர்களின் தலைகள் இறுக்கமாகத்தான் கோக்கின்றன, தொளதொளப்பு அங்கே இல்லை. ஒவ்வொரு கப்ளருக்கும் பின்னால் அதிர்ச்சி வாங்கும் டிராஃப்ட் கியர் என்று ஒன்று இருக்கிறது. எஞ்சின் இழுப்பதிலிருந்து தள்ளுவதற்கோ தள்ளுவதிலிருந்து இழுப்பதற்கோ மாறும்போது அதற்குள் சும்மா நகரும் தூரம் கொஞ்சம் இருக்கிறது. ஒரு பெட்டிக்குக் கொஞ்சம்தான். இருபது பெட்டிக்கு? கூட்டு வட்டி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அதற்கு அப்புறம் 'பேலன்ஸ்டு' டிராஃப்ட் கியர் பொருத்த ஆரம்பித்தார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் அடுக்குகளை முன்னும் பின்னும் முன்கூட்டியே அமுக்கி வைத்திருப்பார்கள், எந்தப் பக்கம் போனாலும் காலியிடம் இல்லை. படித்தவுடனே எனக்குப் பூத் ஞாபகம் வந்தார். 1836-இல் கணக்குப்பிள்ளை செய்த அதே வேலை. 2019 பிப்ரவரியில் டெல்லி-வாரணாசி ஓடிய முதல் வந்தே பாரத்தில் பெட்டிகளைச் சுலபத்தில் பிரிக்க முடியாதபடி அரைநிரந்தரமாகவே கோத்துவிட்டார்கள். இழுக்கும் மோட்டார்களும் ஓர் எஞ்சினில் இல்லாமல் ரயில் முழுக்கப் பரவியிருப்பதால் வெட்டி இழுப்பதற்கே வாய்ப்புக் குறைவு. 2023 டிசம்பரில் வந்த அம்ரித் பாரத்திலும் அரைநிரந்தரக் கப்ளர்தான், ஏ.சி. இல்லாத ஏழைகள் வண்டி. எனக்கு அதில்தான் சந்தோஷம் அதிகம்.

அந்த சர்தார்ஜி அடுத்த நவம்பரிலும் வந்தார். அம்மா கையைப் பற்றிச் சொன்னேன். வருத்தப்பட்டார். புதுப் பெட்டிகளில் ஆள் நடுவே போய்க் கோக்க வேண்டாமாமே என்றேன், ஆறுதல் சொல்கிற நினைப்பில்.

"ஹோஸ் பைப்பை யார் மாட்டுவாங்க?" என்றார்.

பிரேக் குழாயும் மின்சாரக் கம்பியும் அங்கே தானாகக் கோத்துக்கொள்வதில்லை. "ஆள்தான் ஜி" என்றேன்.

"அப்ப போகத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு, இடது கையால் கையெழுத்துப் போட்டார். நான் ஒத்துப்பார்க்கவில்லை, முத்திரை வைத்தேன்.

இப்போது நாக்பூரில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் சரக்கு ரயில் போகும். சிக்னலில் நின்று கிளம்பும்போது முதல் வேகனில் தொடங்கி 'டட்டட்டட்' என்று அந்தச் சத்தம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடும். போன முறை அம்மா வந்திருந்தபோது தூக்கத்திலேயே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நேற்று டெக்ஸாஸிலிருந்து மறுபடி போன். 'டங்' சுத்தமாக நின்றுவிட்டதாம். இப்போது 'கிணுகிணு' என்று ஒன்று கேட்கிறதாம். டிரெய்லருக்குள் என்னடா வைத்திருக்கிறாய் என்றேன். "எவர்சில்வர் தட்டுண்ணே, ஒரு டஜன். அவ ஊர்லருந்து கொண்டு வந்தது."

நடுவில் துண்டை விரிக்கச் சொல்லியிருக்கிறேன்.